பாலுக்காக மாற்றப்பட்ட முயலின் விந்து: ஒரு நிகழ்வு ஆய்வு

இரத்தம் சரியாக உறையாத ஹீமோஃபீலியா ஏ நோயாளிகளின் இரத்தத்தில் போதாமல் இருக்கும் உறைதற் காரணி எட்டைப் பெண் முயலின் பாலிலிருந்து எடுக்க முடியுமா என்ற கேள்வியோடு, ஸ்லோவாக்கியாவின் நித்ரா நகரில் இயங்கிய கால்நடை ஆய்வுக் குழு ஒன்று 2000களில் ஒரு மரபணு மாற்ற முயல் வரிசையை, அதாவது ஒரே மூலத்திலிருந்து வழிவழியாக வரும் முயல் கூட்டத்தை, உருவாக்கியது. பாலில் சுரக்கும் புரதம் ஒன்றுக்கான சுண்டெலி மரபணுவின் ஊக்கிப் பகுதியை (மரபணு எங்கே, எப்போது இயங்கும் என்பதைத் தீர்மானிக்கும் பகுதியை) மனிதக் காரணி எட்டின் மரபணு வரிசைக்கு முன்னால் பொருத்தி, அந்த டிஎன்ஏ துண்டை ஒற்றைச் செல் நிலையில் இருக்கும் முயல் கருவின் முன்கருவுக்குள் (விந்தணுவோ முட்டையோ தந்த, இன்னும் ஒன்றுசேராத உட்கருவுக்குள்) நுண்ணூசியால் செலுத்தினார்கள். ஒரு முன்கருவுக்குள் மட்டும் செலுத்துவதைவிட ஆண், பெண் முன்கருக்கள் இரண்டுக்குள்ளும் செலுத்தினால் மரபணு ஒட்டிக்கொள்ளும் வாய்ப்பு கூடுகிறது என்பதையும் இதே குழுதான் காட்டியது. பிறந்த வரிசை பல தலைமுறைகளுக்கு நீடித்தது. பெண்களின் பாலில் மனிதக் காரணி சுரந்தது. அதன் பிறகு அக்குழு கையிலெடுத்த துணைக் கேள்வியே இந்த ஆய்வுக்குப் பொருள்: இந்த வரிசையின் ஆண் முயல்களுடைய விந்தும் கருவுறச் செய்யும் திறனும் கெட்டிருக்கின்றனவா?

முயலை இதற்குத் தேர்ந்தது தற்செயல் அல்ல. மரபணு மாற்றப்பட்ட முயல்கள் முதன்முதலில் 1985இல், ஆடு, பன்றி ஆகியவற்றோடு சேர்த்து ஒரே ஆய்வில் பதிவாயின. சினைக்காலம் 31 நாள், ஓர் ஈற்றில் எட்டுக் குட்டி அளவுக்குக் கிடைக்கும், நான்கைந்து மாதத்தில் இனப்பெருக்கப் பருவம் வந்துவிடும், பாலில் புரதம் பசும்பாலைப் போல மூன்று மடங்குக்கு மேல் இருக்கும் என்பதால், மாட்டுக்கும் சுண்டெலிக்கும் நடுவே வசதியான இடத்தில் முயல் நிற்கிறது. முயற்சி வீண்போகவும் இல்லை. பரம்பரை வீக்க நோய்க்கான ருகோனெஸ்ட் என்ற மருந்து முயல் பாலிலிருந்து எடுக்கப்பட்டு 2010இல் ஐரோப்பாவிலும் 2014இல் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றது. உறைதற் காரணி ஏழைச் சார்ந்த செவன்ஃபாக்ட் 2020இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இவை நித்ரா வரிசையைச் சேர்ந்தவை அல்ல என்றாலும், பாலில் மருந்து என்பது வெறும் ஆய்வக ஆசை அல்ல என்பதற்குச் சான்றாகின்றன.

பால் தருவது பெண் முயல். அப்படியிருக்க ஆணின் விந்தைப் பற்றி அக்கறை கொள்வதற்கான காரணம் மந்தைக் கணக்கில் இருக்கிறது. நுண்ணூசி போட்ட கருக்களில் நூற்றுக்கு ஒன்றோ இரண்டோதான் மரபணு ஏந்திய குட்டியாகப் பிறக்கும். அந்த ஒன்றிரண்டிலிருந்து ஒரு மந்தையை எழுப்ப வேண்டும். பெண்ணின் வழியே போனால் மாதத்துக்கு ஓர் ஈற்று. அதிலும் பாதிக் குட்டிகளுக்குத்தான் மரபணு போகும். ஆணின் வழியே போனால், ஏறத்தாழ 0.6 மில்லிலிட்டர் விந்தில் மில்லிலிட்டருக்கு 30 கோடி விந்தணுக்கள் என்று வைத்துக்கொண்டாலும் மொத்தம் 18 கோடி. செயற்கைக் கருவூட்டலுக்கு ஒரு பெண்ணுக்கு ஒன்று முதல் இரண்டு கோடி வரை போதுமானதால், ஒரே முறை எடுத்த விந்து ஒன்பது முதல் பதினெட்டுப் பெண்களுக்கு வரும். எனவே ஆணின் விந்தில் மறைந்திருக்கும் ஒரு குறை, பெண்ணின் பாலில் இருக்கும் குறையைவிட வேகமாக மந்தை முழுவதையும் பாதிக்கும்.

ஐயம் எங்கிருந்து வருகிறது

செலுத்தப்பட்ட டிஎன்ஏ எங்கே போய் உட்காரும் என்பது நுண்ணூசி முறையில் யார் கையிலும் இல்லை. பல பிரதிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டிக்கொண்டு ஒரே இடத்தில் புகுவதே வழக்கம். முயலின் மரபுத்தொகுதி ஏறக்குறைய 270 கோடி எழுத்துகள் கொண்டது. அதில் சில பத்தாயிரம் எழுத்துகள் கூடுவது அளவில் ஒன்றுமே இல்லை. ஆனால் புகுந்த இடம் விந்தணு உருவாக்கத்துக்கு வேண்டிய ஒரு மரபணுவின் நடுவே அமைந்துவிட்டால், அளவு எவ்வளவு சிறிதாக இருந்தும் பயன் இல்லை. சுண்டெலியில் இப்படி நடந்திருக்கிறது. 1990இல் விவரிக்கப்பட்ட ஒரு வரிசையில், புகுந்த டிஎன்ஏ ஒரு மரபணுவைக் குலைத்துவிட, இரு பிரதியும் குலைந்த ஆண்களின் விந்தகத்தில் இளம் விந்தணுச் செல்கள் தனித்தனியாகப் பிரியாமல் ஒன்றோடொன்று கூடிக் கட்டியாயின. அந்த ஆண்கள் மலடாயின. ஒரே ஒரு பிரதி குலைந்த சகோதரர்களோ எந்தக் குறையும் காட்டவில்லை. இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். நித்ரா முடிவை எவ்வளவு தூரம் நீட்டலாம் என்பதை இதுதான் தீர்மானிக்கிறது.

இரண்டாவது வழி கசிவு. ஓர் ஊக்கியைப் பால்மடிக்கென்று தேர்ந்தெடுத்துப் பொருத்தினாலும், அது பால்மடியில் மட்டும்தான் வேலை செய்யும் என்று அடித்துச் சொல்ல முடியாது. விந்தகம் இந்த வகையில் மிகவும் தாராளமான உறுப்பு. வேறெங்கும் உறங்கிக் கிடக்கும் மரபணுக்கள்கூட அங்கே விழித்துக்கொள்ளும். 1980களின் இறுதியில் இதற்கு ஒரு நல்ல பாடம் கிடைத்தது. ஹெர்பிஸ் வைரஸின் தைமிடின் கைனேஸ் மரபணுவை, கல்லீரலில் இயங்கும் ஓர் ஊக்கியோடு இணைத்துச் சுண்டெலிகளில் வைத்தார்கள். கல்லீரலில் வர வேண்டியது விந்தகத்திலும் வந்தது, ஆண்கள் மலடாயின. பிறகு தேடிப் பார்த்தபோது, பழி ஊக்கியின்மேல் இல்லை. வைரஸ் மரபணுவின் உள்ளேயே விந்தகத்தில் மட்டும் விழிக்கும் மறைவான ஊக்கி ஒன்று இருந்தது. ஊக்கியும் மரபணுவும் சேர்ந்த கட்டமைப்பைத் தாளில் வரைந்து பார்த்து ‘இது விந்தகத்தைத் தொடாது’ என்று சொல்லிவிடுவது எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

இங்கே ஒரு சிறு விளக்கம் தேவைப்படுகிறது. மரபணு ஒற்றைப் பிரதியாக, அதாவது குரோமோசோம் இணையில் ஒன்றில் மட்டும், இருக்கும் ஆணில், பாதி விந்தணுக்களுக்கு மரபணு உண்டு, பாதிக்கு இல்லை. அப்படியானால் கசிவின் கேடு பாதி விந்தணுக்களை மட்டும்தானே தாக்க வேண்டும் என்று தோன்றும். அப்படி நடப்பதில்லை. வளரும் விந்தணுச் செல்கள் மெல்லிய சைட்டோபிளாசப் பாலங்களால் ஒன்றோடொன்று இணைந்தே வளர்கின்றன. ஒன்றில் உருவாகும் ஆர்என்ஏவும் புரதமும் அடுத்ததற்குள் போகின்றன. 1989இல் சுண்டெலியின் இளம் விந்தணுச் செல்களில் மனித வளர்ச்சி ஹார்மோன் மரபணுவை இயங்க வைத்தபோது, மரபணு பெறாத செல்களிலும் அந்தப் புரதம் காணப்பட்டது. ஆகவே ஓர் ஆணிடம் எடுத்த விந்தில் ‘நல்ல பாதி, கெட்ட பாதி’ என்று இரு கூட்டம் தேடுவதில் பொருளில்லை. கேடு இருந்தால் மொத்தத்திலும் தெரியும்.

மூன்றாவது ஐயம் உண்மையில் மரபணு மாற்றத்தைச் சேர்ந்ததே அல்ல, ஆனால் அதன் வேடத்தில் வரும். ஒன்றிரண்டு மூலவிலங்குகளிலிருந்து மந்தை எழுப்பும்போது நெருங்கிய உறவுக்குள் இணைசேர்ப்பது தவிர்க்க முடியாததாகிறது. நெருங்கிய உறவு விந்தணு எண்ணிக்கையையும் குட்டிகளின் எண்ணிக்கையையும் இறக்கக்கூடும். மரபணு ஏந்திய ஆண்களை வெளியிலிருந்து வாங்கிய சாதாரண ஆண்களோடு ஒப்பிட்டால், உறவினால் வந்த இறக்கம் மரபணுவின் கணக்கில் எழுதப்படும். அதே ஈற்றில் மரபணு இல்லாமல் பிறந்த சகோதரர்களே சரியான ஒப்பீட்டுக் குழு. மரபணு இருக்கிறதா என்று பார்க்கும் பிசிஆர் சோதனையில் எதிர்மறை வந்த குட்டிகளை வளர்க்க இடம் வீணாகிறது என்று கழித்துவிடும் ஆய்வகங்கள், பின்னால் தங்கள் ஆய்வுக்கே ஆதாரம் இல்லாமல் நிற்கின்றன.

விந்து எடுப்பதும் பார்ப்பதும்

ஆண் முயலிடம் விந்து எடுப்பது வெளியிலிருந்து பார்க்க மிக எளிது. இணங்கிய பெண் ஒன்றைக் கூண்டில் விட்டு, ஆண் ஏறும் தருணத்தில் செயற்கை யோனியைச் சரியான கோணத்தில் நீட்ட வேண்டும். உள்ளே ஊற்றிய நீரின் வெப்பம் 42 முதல் 45 டிகிரி வரை இருக்க வேண்டும். குறைந்தால் ஆண் விலகிவிடும், கூடினால் சிறுநீர் கலந்துவிடும். எல்லாம் சில வினாடி. விந்து வந்ததும் ஆண் பக்கவாட்டில் சாய்ந்து விழும். அதுவே முடிந்ததற்கு அடையாளம். குழாயில் பால் நிறத் திரவத்தின் மேலே கண்ணாடி போன்ற கட்டி ஒன்று மிதக்கும். துணைச் சுரப்பிகளிலிருந்து வரும் அந்தக் கூழ்க்கட்டியை உடனே எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கன அளவும் செறிவும் இரண்டும் பொய்யாகும். கூழின் அளவு பருவத்துக்குப் பருவம் மாறும் என்பதால், கூழோடு எடுத்த அளவை ஒருவரும் கூழின்றி எடுத்த அளவை இன்னொருவரும் தந்திருக்கும் இரு ஆய்வுகளை ஒப்பிடும்போது, வேறுபாடு முயலில் இல்லாமல் குழாயில் இருக்கும்.

எடுக்கும் இடைவெளியும் அதே அளவு முக்கியம். முயலின் விந்தகத்தில் ஒரு மூலச்செல் விந்தணுவாக மாற ஏறத்தாழ 50 நாள் பிடிக்கிறது. அதன் பிறகு விந்தணு முதிரும் எபிடிடிமிஸ் குழாயைக் கடக்க மேலும் சுமார் ஒன்பது, பத்து நாள். இன்று குழாயில் விழுந்த விந்து, இரண்டு மாதத்துக்கு முன் அந்த விலங்குக்கு நேர்ந்ததன் சாட்சி. சூடு 30 டிகிரியைத் தாண்டிய நாள்களின் கேடு அன்றைய விந்தில் தெரியாமல் வாரங்கள் கழித்துத் தெரிவது இதனால்தான். ஆண்களைக் காய்ச்சலோ இடமாற்றமோ தொட்டிருந்தால், அந்தக் கணக்கு முடியும் வரை அவற்றின் எண்களை நம்பக் கூடாது. வாரத்துக்கு ஒரு நாள், சிறு இடைவெளியில் இரு முறை என்று ஒரே ஒழுங்கில் எடுப்பது பொதுவான வழக்கம். அதைவிட அடிக்கடி எடுத்தால் முதிராத விந்தணுக்கள், வாலில் சைட்டோபிளாசத் துளி ஒட்டியபடி, வெளியே வரத் தொடங்கும்.

அசைவை அளக்கும் கணினி வழிக் கருவிக்குத் தமிழ் ஆய்வகங்களிலும் காசா என்றே பெயர். 20 மைக்ரோமீட்டர் ஆழமுள்ள அறையில் நீர்த்த விந்தை விட்டு, வினாடிக்குப் பல படங்கள் எடுத்து, ஒவ்வொரு தலையின் பாதையையும் கணினி தொடர்கிறது. மொத்த அசைவு, முன்னோக்கிய அசைவு, வளைபாதை வேகம், நேர்கோட்டு வேகம், தலையின் பக்கவாட்டு வீச்சு, துடிப்பின் எண்ணிக்கை என்று பத்துக்கும் மேற்பட்ட எண்கள் வரிசையாக வரும். அவ்வளவு எண்கள் ஒரே நேரத்தில் கிடைப்பதே ஆபத்து. பத்தில் ஏதோ ஒன்று தற்செயலாகவே விலகி நிற்கும், அதைப் பிடித்துக்கொண்டு கதை எழுதலாம்.

என் கையாலேயே செய்த ஒரு தவறை இங்கே சொல்வது பொருந்தும். ஒரு காலை, மரபணு ஏந்திய ஆண்களின் மாதிரிகளை முதலில் பார்த்தேன். சகோதரர்களின் மாதிரிகளை அடுத்துப் பார்த்தேன். முதல் குழுவின் விந்தணுக்கள் சோம்பலாக, தலையை ஆட்டியபடி ஒரே இடத்தில் நின்றன. இரண்டாம் குழு கூட்டமாக அலையடித்தது. ஒரு மணி நேரம் அதை ஒரு கண்டுபிடிப்பாகவே நம்பினேன். பிறகுதான் நுண்ணோக்கியின் சூடேற்றும் தட்டு அன்று தாமதமாகப் போடப்பட்டிருந்ததும், முதல் கண்ணாடித் தகடுகள் 37 டிகிரியை எட்டாமல் குளிர்ந்தே இருந்ததும் தெரிய வந்தன. எஞ்சிய மாதிரியைச் சூடான தகட்டில் வைத்ததும் அதே ஆண்களின் விந்தணுக்கள் பாய்ந்து ஓடின. அன்றிலிருந்து குழாய்களுக்கு வெறும் எண்ணிட்டு, வரிசையைக் குலுக்கிப் போட்டு, எது யாருடையது என்று தெரியாத ஒருவர் கையில்தான் கொடுக்கிறோம்.

அசைவுக்கு அப்பால் பார்க்க வேண்டியவை உண்டு. ஈயோசின் சாயம் உயிரற்ற செல்லுக்குள் புகுந்து சிவப்பாக்கும். உயிருள்ளது வெள்ளையாகத் தெரியும். உருவக் குறைகளில் சுருண்ட வால், முறிந்த கழுத்து, தலையின்றிப் பிரிந்த வால், தங்கிவிட்ட துளி ஆகியவற்றைத் தனித்தனியாக எண்ண வேண்டும், ஏனெனில் ஒவ்வொன்றும் வெவ்வேறு இடத்தைச் சுட்டுகிறது: தலையின் குறை விந்தகத்தை, துளி எபிடிடிமிஸை அல்லது அளவுக்கு மீறி எடுத்ததை, சுருண்ட வால் பல வேளை தகட்டில் பரப்பிய கையை. விந்தணுத் தலையின் தொப்பி போன்ற அக்ரோசோம் உறை சிதைந்ததா என்பதை நிலக்கடலைப் புரதத்தோடு இணைந்த ஒளிரும் சாயத்தாலும், இறப்பின் தொடக்க நிலையை அனெக்சின் என்ற புரதத்தாலும் செல்களை ஒவ்வொன்றாக ஒளிக்கற்றை வழியே ஓடவிட்டு அளக்கும் பாயச் செல் அளவியில் ஆயிரக்கணக்கில் எண்ணலாம். அனெக்சின் பூசிய காந்தத் துகள்களால் இறக்கத் தொடங்கிய விந்தணுக்களை முயல் விந்திலிருந்து பிரித்தெடுக்கும் முயற்சியும் நித்ரா வட்டாரத்திலேயே நடந்தது.

முடிவும் அதன் எல்லையும்

நித்ரா குழு வெளியிட்டதன் சாரம் இதுதான்: காரணி எட்டு மரபணுவை ஏந்திய ஆண்களின் விந்துத் தரத்திலும், அவ்விந்தால் கருவூட்டிய பெண்களின் இனப்பெருக்கத்திலும் மரபணுவின் மேல் பழி போடத் தக்க பாதகம் காணப்படவில்லை, அந்த ஆண்களை மந்தை பெருக்கப் பயன்படுத்தலாம். இந்த முடிவை நான் ஏற்கிறேன். உயிரியலும் அதற்கு எதிராகப் பேசவில்லை. ஆண் முயலில் பால்மடி வளர்ச்சியும் பாலூட்டும் ஹார்மோன் நிலையும் இல்லை. பால் ஊக்கிக்கு அங்கே அதிக வேலை கிடையாது. காரணி எட்டு மிகப் பெரிய புரதம்; எங்கோ கொஞ்சம் கசிந்தாலும், இரத்தத்துக்கும் விந்தணு வளரும் குழாய்களுக்கும் இடையே இருக்கும் தடுப்பைத் தாண்டி உள்ளே நுழைவது கடினம்.

நான் ஏற்காதது, இப்படிப்பட்ட முடிவை மேற்கோள் காட்டுபவர்கள் அதை ‘மரபணு மாற்றம் முயலின் கருவுறுதலைப் பாதிக்காது’ என்று சுருக்கி எழுதும் பழக்கத்தை. சோதிக்கப்பட்டது ஒரு கட்டமைப்பு. அது புகுந்த ஓர் இடம். ஒற்றைப் பிரதியாக ஏந்திய ஆண்கள். இம்மூன்றில் ஒன்று மாறினாலும் கேள்வி புதிதாகத் தொடங்குகிறது. மேலே சொன்ன சுண்டெலி வரிசையின் ஒற்றைப் பிரதிச் சகோதரர்களை மட்டும் சோதித்திருந்தால், அந்த மரபணு மாற்றமும் ‘பாதுகாப்பானது’ என்றே பதிவாகியிருக்கும்.

எண்ணிக்கையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் ‘வேறுபாடு இல்லை’ என்ற சொற்றொடருக்குள் இரண்டு பொருள் ஒளிந்திருக்கிறது: உண்மையிலேயே இல்லை என்பது ஒன்று, பார்க்கும் அளவுக்கு ஆய்வு பெரிதாக இல்லை என்பது மற்றது. சாதாரண மந்தையில் நூறு கருவூட்டலுக்கு 80 சினைப்பிடிக்கிறது என்றும், மரபணு அதை 70க்கு இறக்குகிறது என்றும் வைத்துக்கொள்வோம். அந்தப் பத்து விழுக்காட்டு இறக்கத்தை வழக்கமான ஐந்து விழுக்காட்டு வரம்பில், ஐந்தில் நான்கு முறை கண்டுபிடிக்கும் உறுதியோடு பார்க்க, ஒரு குழுவுக்கு ஏறத்தாழ 290 கருவூட்டல்கள் வேண்டும். மந்தை நடத்துபவருக்குப் பத்து விழுக்காடு என்பது பெரிய நட்டம். ஆய்வகத்துக்கு 290 என்பது எட்டாத எண். முப்பது, நாற்பது கருவூட்டல்களில் ‘வேறுபாடு இல்லை’ என்று வந்தால், பேரிழப்பு இல்லை என்று மட்டுமே அதற்குப் பொருள்.

இதிலும் கூடுதலான ஒரு பொறி, ஆண்களை எண்ணாமல் விந்து எடுத்த முறைகளை எண்ணுவது. நான்கு ஆண்களிடம் பத்து முறை எடுத்தால் நாற்பது மாதிரிகள் கிடைக்கும். ஆனால் ஒரே ஆணின் பத்து மாதிரிகளும் ஒன்றையொன்று ஒத்தே இருக்கும். முயலில் ஓர் ஆணுக்கும் இன்னோர் ஆணுக்கும் இடையே இயல்பாகவே வேறுபாடு அதிகம். ஒரு குழுவில் பிறவியிலேயே விந்து வலுவற்ற ஓர் ஆண் தற்செயலாக அமைந்துவிட்டால், அவனுடைய பத்து மாதிரிகளும் சேர்ந்து மரபணுவின் மேல் குற்றப்பத்திரிகை எழுதிவிடும். இப்படிப்பட்ட ஆய்வைப் படிக்கும்போது நான் முதலில் தேடுவது ஆண்களின் எண்ணிக்கையைத்தான். பெரும்பாலும் அது அட்டவணையில் இல்லாமல் முறைகள் பகுதியின் ஒரு மூலையில் கிடக்கும்.

குட்டி பிறக்கும் வரை

விந்துத் தரம் கருவுறுதலை முன்னறிவிக்கும் என்பது பாதி உண்மை. ஒன்றிரண்டு கோடி விந்தணுக்களைச் செலுத்தும்போது அவற்றில் நாற்பது விழுக்காடு அசையாமல் கிடந்தாலும் மீதியே தேவைக்கு மேல் இருக்கும்; குறை மறைந்துபோகும். குறையை வெளிக்கொணர வேண்டுமானால் விந்தணுக்களின் எண்ணிக்கையைப் படிப்படியாகக் குறைத்து, எந்த அளவில் சினைப்பிடிப்பு சரிகிறது என்று பார்க்க வேண்டும். இதைச் செய்யாமல், தாராளமான அளவில் செலுத்திவிட்டுக் குட்டிகள் பிறந்தன என்று நிம்மதியடைவது கண்ணை மூடிக்கொண்டு சோதிப்பதற்குச் சமம்.

பெண்ணின் பக்கத்தையும் ஒழுங்குபடுத்தியாக வேண்டும். முயலுக்குக் காலமுறைச் சினைப்பருவச் சுழற்சி கிடையாது. புணர்ச்சியின் தூண்டலால் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் கழித்தே முட்டை வெளியேறும். செயற்கைக் கருவூட்டலில் அந்தத் தூண்டல் இல்லாததால், அதே வேளையில் முட்டை வெளியேற்றத்தைத் தூண்டும் ஜிஎன்ஆர்எச் வகை ஹார்மோன் ஊசி போட வேண்டும். விந்தணுக்கள் பெண்ணின் பாதையில் பக்குவப்படவும் ஏறத்தாழ அதே அளவு நேரம் ஆகிறது. இரண்டும் ஒன்றுக்கொன்று காத்திருப்பது போல அமைந்திருக்கிறது. விந்தணு பக்குவப்பட வேண்டும் என்ற உண்மையையே 1951இல் இனப்பெருக்க உயிரியலாளர் எம். சி. சாங் முயலை வைத்துத்தான் காட்டினார். 1959இல் உடலுக்கு வெளியே கருவுற்ற முட்டையிலிருந்து உயிருள்ள குட்டிகளைப் பெற்றுக்காட்டியதும் அவரே, அதுவும் முயலில்தான்.

பத்தாம் நாளுக்கும் பதினான்காம் நாளுக்கும் இடையில் பெண்ணின் அடிவயிற்றை விரல்களுக்கு நடுவே மென்மையாகத் தடவினால், வழுக்கி நழுவும் திராட்சைகள் போலக் கருக்கள் தட்டுப்படும். வரிசையாகக் கிடக்கும் சாணி உருண்டைகள் அவற்றைவிடக் கடினமாகவும் சிறியதாகவும் இருக்கும். அந்த எண்ணிக்கைக்கும் 31ஆம் நாள் பிறக்கும் குட்டிகளுக்கும் நடுவே பெரிய இடைவெளி விழுந்தால், பழுது கருவுறுதலில் இல்லை, கரு தங்குவதில் இருக்கிறது. இதை முன்கூட்டியே பிரித்துப் பார்க்க விரும்பினால், சில பெண்களிடமிருந்து கருவூட்டிய 19, 20 மணி நேரத்தில் முட்டைகளை அலசி எடுத்து, இரு முன்கருக்கள் தெரிகின்றனவா, வளர்ப்பு ஊடகத்தில் கருக்கோள நிலை வரை போகின்றனவா என்று பார்க்கலாம். விந்தணு முட்டையைத் துளைத்தும் கரு நான்கு செல்லில் நின்றுவிட்டால், சந்தேகம் விந்தணுவின் அசைவின் மேல் அல்ல, அது சுமந்து வந்த டிஎன்ஏவின் மேல் போக வேண்டும்.

பிறந்த குட்டிகளின் காதுநுனியிலிருந்து எடுத்த திசுவில் பிசிஆர் பார்ப்பது கடைசிச் சோதனை. பாதிக் குட்டிகளுக்கு மரபணு இருக்க வேண்டும். மூலவிலங்கிலேயே இந்தக் கணக்கு பொய்க்கும், ஏனெனில் டிஎன்ஏ முதல் செல் பிளந்த பிறகு புகுந்திருந்தால் விலங்கு கலவையாக, சில செல்களில் மட்டும் மரபணுவோடு வளரும். விந்து உண்டாக்கும் மூலச்செல்களில் ஐந்தில் ஒரு பங்கு மட்டும் மரபணு ஏந்தினால், பத்து விந்தணுவுக்கு ஒன்றே அதைச் சுமக்கும். எட்டுக் குட்டிகள் பிறந்து ஒன்றிலும் மரபணு இல்லாதிருக்க வாய்ப்பு 43 விழுக்காடு. முழுமையாக ஏந்திய ஆணுக்கு அதே நிலை 256இல் ஒரு முறைதான் நேரும். ஆகவே முதல் ஈற்றில் எதுவும் கிடைக்கவில்லை என்று மூலவிலங்கைக் கழிப்பது அவசரம். அதன் விந்திலேயே நேரடியாகப் பிசிஆர் அளவீடு செய்தால் அந்தக் கூண்டு வீணாகாது. கலவை விலங்கின் விந்து எவ்வளவு நன்றாக ஓடினாலும் மரபணு கடத்துவதில் அது ஏழையாகவே இருக்கும் என்பதால், ‘விந்துத் தரம்’, ‘கருவுறச் செய்யும் திறன்’, ‘மரபணு கடத்தும் திறன்’ மூன்றையும் ஒரே சொல்லால் குறிப்பதை நிறுத்த வேண்டும்.

இன்னும் கூர்மையான சோதனை ஒன்று உண்டு. இரண்டு ஆண்களின் விந்தணுக்களைச் சம எண்ணிக்கையில் கலந்து ஒரே பெண்ணுக்குச் செலுத்தி, குட்டிகளில் யாருடைய பங்கு அதிகம் என்று பார்ப்பது. தனித்தனியாகச் செலுத்தும்போது மறைந்துபோகும் சிறு குறைகூடப் போட்டியில் தெரிந்துவிடும். மரபணுவே தந்தையை அடையாளம் காட்டும் என்று தோன்றினாலும், ஒற்றைப் பிரதி ஆணின் குட்டிகளில் பாதி மரபணு இல்லாமலே பிறக்கும். அவை எந்தத் தந்தையுடையவை என்பதற்குத் தனிக் குறிப்பான்கள் வேண்டும். அந்தச் செலவுக்கு அஞ்சியே பலர் இதைத் தவிர்க்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

வரிசையை விந்தாக உறைய வைத்துச் சேமிப்பதில் முயல் ஒத்துழைப்பதில்லை. காளைக்குப் பயன்படும் கிளிசரால் முயல் விந்தணுவின் சவ்வுக்குள் எளிதில் நுழைவதில்லை. டைமெத்தில் சல்பாக்சைடு போன்றவை அதற்குப் பதிலாகச் சேர்க்கப்படுகின்றன. உருகிய பிறகு அசைவு இருந்தாலும் பிறக்கும் குட்டிகளின் எண்ணிக்கை புதிய விந்தளவுக்கு வருவது அரிது. வரிசை ஒன்றையே உறைய வைத்த விந்தை மட்டும் நம்பிக் கைவிட்டுவிடக் கூடாது. கருக்களையும் கூடவே உறைய வைக்க வேண்டும்.

2014 முதல், டிஎன்ஏவைக் குறித்த இடத்தில் வெட்டும் கிரிஸ்பர் முறையில் முயலின் மரபணுக்கள் நேரடியாகத் திருத்தப்படுகின்றன. இடம் தெரிந்தே வெட்டுவதால், எங்கோ புகுந்து எதையோ குலைப்பது குறைகிறது. ஆனால் கலவை விலங்கு பிறப்பது அங்கும் குறையவில்லை, வேறோர் இடத்தில் தவறுதலாக வெட்டும் வாய்ப்பு புதிதாகச் சேர்ந்திருக்கிறது, மரபணுவை முடக்கும் வரிசைகள் பெரும்பாலும் இரு பிரதியும் முடக்கிய நிலையிலேயே ஆராயப்படுகின்றன. நுண்ணூசி காலத்து வரிசைகளில் எஞ்சி நிற்கும் வேலையும் இரு பிரதி விலங்குகளைச் சோதிப்பதுதான். ஒற்றைப் பிரதி ஆணையும் ஒற்றைப் பிரதிப் பெண்ணையும் இணைத்தால் நான்கில் ஒரு குட்டி இரு பிரதியோடு பிறக்க வேண்டும். அந்த விகிதம் குறைந்தால் சில கருக்கள் வயிற்றிலேயே இறக்கின்றன என்று பொருள், விகிதம் சரியாக இருந்து ஆண்கள் மட்டும் குட்டி தரவில்லையானால் விந்தகத்தை வெட்டிப் பார்க்க வேண்டும். இரு பிரதி ஆண் ஒன்று வளர்ந்து, சுமார் ஏழு மாத வயதில் விந்து நிலைப்பட்டு, மரபணுவில்லாத பெண்களோடு சேர்ந்து பிறந்த குட்டிகள் அத்தனையும் மரபணு ஏந்தி வந்தால், அப்போதுதான் அந்த இடத்தில் புகுந்த அந்த டிஎன்ஏ அந்த வரிசையின் ஆண்களைத் தொடவில்லை என்று எழுதிக் கையெழுத்திடலாம்.